என் மோவாய்க்கு நேராக ஒரு கோடு

“…ரெண்டு இஞ்சு ஒசரமா நிக்குதுங்கப்பா. எனக்குன்னுதானுங்க இத்தனையும் செஞ்சிருக்கறீங்க? அப்புறம் யாரை நிறுத்தி அளந்தீங்க?”

அண்ணன் இதைக் கேட்டபோது கார் ஷெட்டுக்குள் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். மேசைமேல் பூட்டிய புது வைஸுக்கு முன்னால் கையை மடக்கியபடி அண்ணன். ஒரு கையில் சாக்பீஸும் இன்னொரு கையில் எண்ணெய்த் துணியுமாக அப்பா. கதவோரத்தில் நான். யாரை நிறுத்தி அளந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கேள்வி வந்து விழுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஐந்து மாதம் வேலை நடந்தது. சித்திரையில் ஆரம்பித்து ஆவணியில் முடிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இதைப் படிக்கிற நீங்களும் என் வயதை ஒட்டியவர்களாகத்தான் இருப்பீர்கள். ஒரு வீட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டாலே தெருவே வந்து எட்டிப் பார்த்து, ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போன காலம் அது. அந்த வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. மற்றதெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுத் தேற்றிக்கொண்டதுதான்.

போன மாதம் எதிர்வீட்டுத் தம்பி செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். எந்த நாடோ தெரியவில்லை. ஒருவர் தன் வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தை வொர்க்ஷாப்பாக மாற்றுகிறார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார், விளக்கு மாட்டுகிறார், சாமான்களை வரிசையாகத் தொங்கவிடுகிறார். “எப்படிங்க ஆன்ட்டி? நம்ம கார் பார்க்கிங்கையும் இப்படிப் பண்ணிடலாம்னு இருக்கேன்” என்றான். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வைஸை யாருடைய உயரத்துக்கு வைத்தார் என்பது மட்டும் வீடியோவில் இல்லை. அதை அவனிடம் கேட்கத் தோன்றியது. கேட்டால் இத்தனையும் சொல்ல வேண்டிவரும் என்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் கார் இருந்ததில்லை. கார் ஷெட் இருந்தது. கோயமுத்தூரில் மில்லுகள் வரிசையாக நின்ற பக்கத்தில், பஞ்சு வியாபாரி ஒருவர் கட்டிய வீட்டை அப்பா வாங்கினார். அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஷெட்டை எடுத்துக்கொண்டு போக முடியாதில்லையா, அது எங்களோடு தங்கிவிட்டது. இரண்டு மரக்கதவு, ஓட்டுக் கூரை, தரையில் சக்கரம் ஓடுவதற்கு இரண்டு பட்டையாகச் சிமெண்டு. நடுவில் ஓர் ஆள் இறங்கி நின்று வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு பள்ளம், அதன் மேல் பலகை. விறகும் தேங்காய்த் தொட்டியும் போட்டு வைத்திருந்தோம். எந்த நேரம் போனாலும் உள்ளே பழைய ஆயிலும் காய்ந்த மட்டையும் கலந்த ஒரு வாசம் அடிக்கும்.

அந்தப் பள்ளம் எனக்கும் அண்ணனுக்கும் சொந்தமாக இருந்தது. அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவன். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. டிப்ளமோ படிக்கிற பையன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு விளையாடுவானா என்று கேட்பீர்கள். விளையாடினான். அவன் பள்ளத்துக்குள் இறங்கி மெக்கானிக் ஆகிவிடுவான். நான் மேலே பலகையில் உட்கார்ந்து கார் ஆகிவிடுவேன். “ஏனுங் கார்க்காரம்மா, உங்க வண்டிக்கு வயிறு சரியில்லீங்களாட்ட இருக்குது” என்று பலகையின் இடுக்கில் குச்சியைவிட்டுக் கூச்சம் காட்டுவான். பஞ்சு வியாபாரி விட்டுப்போன சாமானில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்று இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அண்ணன் அதை அமுக்குவான். அது வாத்து கத்துவதைப் போல இருக்கும்.

அவனிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. நின்றுகொண்டு யாரோடாவது பேசும்போது கையை மடக்கி வைத்துக்கொள்வான். நான் போய் அந்த முழங்கையின் மேல் மோவாயை வைத்துக்கொள்வேன். எக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். சன்னல் கட்டையில் வைத்த மாதிரி சரியாக உட்காரும். அவன் பேச்சை நிறுத்த மாட்டான், கையையும் அசைக்க மாட்டான். தெருவே பார்த்திருக்கிறது. “மோவாய்க்கு ஸ்டாண்டு போட்டுக் குடுத்திருக்கறான் பாரு” என்று பக்கத்து வீட்டு அத்தை சிரிக்கும்.

படிப்பு முடிந்ததும் பூனாவில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா மில்லில் பிட்டர். மெசின் எது நின்றுபோனாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். “கோயமுத்தூர்ல இல்லாத மெசினா, பூனாவுல இருக்குது?” என்றார்.

“மெசின் இருக்குதுங்கப்பா. நல்ல மெசின் மேல கை வெக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப்போகும். அதுவரைக்கும் இன்னொருத்தருக்கு ஸ்பானர் எடுத்துக் குடுத்துட்டு நிக்கோணும்.”

“நான் நிக்கலயா?”

“நீங்க நின்னீங்க.”

ஆனி மாதத்தில் ஒரு காலை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் போனான். அப்பா அன்றைக்கு வேண்டுமென்றே முன்னாலேயே மில்லுக்குப் போய்விட்டார்.

பிறகு வீடு எப்படி இருந்தது என்று கேட்டால், சத்தமில்லாமல் இருந்தது என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா மூன்று பேருக்குச் சமைக்கப் பழக ஒரு மாதம் ஆனது. நாலாவது ஆளின் சோறு தினம் மிஞ்சும். மாதம் ஒரு தடவை நீல இன்லண்டு லெட்டர் வரும். “மதிப்பிற்குரிய அப்பாவுக்கு” என்று ஆரம்பிக்கும். அப்பா நின்றபடியே வாசிப்பார். கடைசி வரியில் நான் வருவேன்: “பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.” “கேட்டானாம்” என்று சொல்லிவிட்டு அப்பா கடுதாசியை மடித்துவிடுவார். என்ன கேட்டான் என்று எனக்கு விளங்கவே விளங்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே ஷெட்டுக்குப் போய்ப் பலகையை நகர்த்திப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வேன். காராக இருப்பதற்குக் கீழே ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாததால் நானே மெக்கானிக்காகவும் இருந்து பார்த்தேன். மேலே கார் இல்லை. அது பொழுதுபோகிற விளையாட்டாக இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷெட்டுக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து போட்டார். நடுவில் நின்று நாலு மூலையையும் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்கொரு லேத்து. அக்கட்டால ஒரு டிரில்லிங் மெசினு. சன்னல் ஓரமா மேசை, அதுல வைஸு. எல்லாம் அவனுக்கு. நல்ல மெசின் மேல கை வெக்கோணும்னானல்லொ? வெக்கட்டும்.”

“ஏனுங்க, அவன்கிட்ட ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுப்போட்டு…”

“கேட்டா வேண்டாம்பான். வந்து பாத்தான்னா பொட்டியைப் பிரிச்சு வெச்சுப்போடுவான்.”

அம்மா என்னைப் பார்த்தது. நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அண்ணன் வரப்போகிறான் என்பதற்கு மேல் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

கொத்தனார் வந்ததும் முதல் வேலையாகப் பள்ளத்தை மூடினார். இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத்தைத் தாங்குகிற தரைக்கு அடியில் குழி இருக்கக் கூடாதாம். உடைந்த ஓடு, செங்கல் ஜல்லி, பழைய சாமான் எல்லாம் கூடைகூடையாக உள்ளே போயின. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பள்ளம் நிரம்பியிருந்தது. ஹாரன் எங்கே என்று கேட்டேன். “எந்த ஹாரனு கண்ணு? ரப்பர் வெடிச்சுக் கெடந்துச்சே, அதா? ஜல்லியோட போயிருக்கும்” என்றார் கொத்தனார். அதன்மேல் ஈரச் சிமெண்டு பளபளவென்று கிடந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், அந்தக் கடைக்காரனின் நாற்காலிக்கு அடியில் ஒரு ஹாரன் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா மில்லிலிருந்து நாலரைக்கு வருவார். காபியை ஷெட்டுக்கே கொண்டுவரச் சொல்வார். ஓட்டைப் பிரித்து நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு வைத்தார், மேசைமேல் வெளிச்சம் விழுவதற்கு. மரக்கதவைக் கழற்றிவிட்டு ஷட்டர் போட்டார். மெசினுக்கு வேண்டிய மூன்று லைன் கரெண்டு இழுத்து, லைனுக்கு ஒன்றாக மூன்று சிவப்பு விளக்கு மாட்டினார். சுவருக்கு இடுப்பளவு வரை பச்சை, அதற்கு மேல் வெள்ளை. பெயிண்ட் வாசத்தில் அவர் கொஞ்சம் வேறு ஆளாக இருந்தார். பேசினார், சிரிக்கக்கூடச் செய்தார். யாராவது எட்டிப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார். “பையன் வாரான்” என்பார். எப்போது என்று கேட்டால், “வேலை முடியட்டுமுங்க” என்பார். வேலை முடிந்தால் பையன் வருவான் என்று அவருக்குள் ஒரு கணக்கு. அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வைகாசியில் மேசை செய்ய ஆங்கிள் இரும்பு வந்து இறங்கியது. அப்போதுதான் அளவெடுக்க வேண்டி வந்தது.

நம்மில் இரும்பு வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வைஸ் என்பது இரும்பை அசையவிடாமல் கவ்விக்கொள்கிற பிடிப்பான். அதில் இரும்பைக் கடிக்கவைத்துவிட்டு அரத்தைப் போட்டு ராவ வேண்டும். நாள் முழுக்க நின்று ராவுகிறவனுக்குக் கையை மடக்கினால் முழங்கை எங்கே நிற்கிறதோ அதே மட்டத்தில் வைஸின் வாய் இருக்க வேண்டும். கூடினால் தோள் போகும், குறைந்தால் இடுப்பு போகும். ஆளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் மேசைக்குக் காலை வெட்டுவார்கள்.

நிறுத்துவதற்கு ஆள் பூனாவில் இருந்தான்.

அண்ணன் எங்கள் வீட்டிலேயே உயரம். அம்மா வழி மாமன் வாகு. அப்பா அவனுக்குத் தோளளவு. அம்மா அண்ணனின் பழைய சட்டையைக் கொண்டுவந்து சுவரில் பிடித்துப் பார்த்தது. சட்டைக்குக் கீழே தரை எவ்வளவு தூரம் என்று சட்டையில் எழுதியிருக்கவில்லை. அப்பா கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது என்னைப் பார்த்தார்.

“இக்கட்ட வா கண்ணு. அண்ணன் கை மேல மோவாயை வெச்சுக்குவியல்லொ, எக்கி வெப்பியா, சும்மா வெப்பியா?”

“சும்மாதானுங்கப்பா.”

“செருப்புப் போட்டுட்டா?”

“இல்லீங்க.”

“அப்படி வா வழிக்கு” என்று அப்பா தொடையில் தட்டினார். என்னைச் சுவரோரம் நிறுத்தினார். குதிகால் சுவரில் ஒட்டட்டும் என்றார். தோளைப் பிடித்து நிமிர்த்தினார். அவர் கை என் தோளில் அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான். நான் மூச்சுவிடாமல் நின்றேன். மோவாய்க்கு நேராகத் தச்சன் பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டார். பிறகு அந்த அளவுக்கு ஒரு மரக் குச்சியை அறுத்தார். சுவருக்கு வெள்ளையடித்தால் கோடு போய்விடும், குச்சி போகாது என்றார். குச்சியின் மேல் அண்ணன் பெயரைக் கறுப்பு மையில் எழுதி மூலையில் சாத்தி வைத்தார்.

அளவு என்னுடையது, பெயர் அவனுடையது. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தினம் ஒரு தடவை போய்க் குச்சியின் நுனியில் மோவாயை வைத்துக்கொண்டு நிற்பேன். கண்ணை மூடிக்கொண்டால் பாதி அண்ணன் மாதிரி இருக்கும்.

லேத்து மாட்டுவண்டியில் வந்தது. ஏலத்தில் எடுத்த பழைய மெசின். இரும்புக் குழாய்களைக் கீழே கொடுத்து உருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். அதை நிறுத்தி மட்டம் பார்க்கக் கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். மெல்லிய ஆள், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ரசமட்டத்தை மெசின் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நட்டைக் கால் சுற்றுத் திருப்புவார், மறுபடி நிற்பார்.

“பிட்டரண்ணா, தரை இறுகுற வரைக்கும் மெசினைத் தொடப்படாது. புதுப் பொண்ணு மாதிரி. பத்து நாளைக்கு யாரும் ஒண்ணும் கேக்காதீங்க, அதுவா உங்க ஊட்டுக்குப் பழகிக்கும்” என்பார்.

“எம்பட பையன் வந்து பழக்கிக்குவானுங்க.”

“பையனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியாமத்தான் செய்யறது.”

பாய் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். “நல்லது அண்ணா” என்றார். அந்த “நல்லது”க்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் இப்போதுதான் எனக்குக் காதில் விழுகிறது.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் கிளம்பி வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு அத்தை சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவைக் கூப்பிட்டது.

“அக்கா, உங்க புள்ளை பாவாடை ஏறிப்போய்க் கெடக்குது, பாக்கலீங்களா? போன வருசம் தெச்சது, கெண்டைக்காலுக்கு வந்துருச்சு. டக்குப் பிரிச்சு உட்டா இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம்.”

“பிரிச்சுடறேன் அம்மிணி” என்றது அம்மா. அன்றைக்கு அம்மா ஷெட்டுக்கு வந்த ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தது. மறுநாளும் போட்டது. நான் பிளேடை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து டக்கை நானே பிரித்தேன். உங்களுக்குத் தெரியும், நமக்கெல்லாம் பாவாடை தைக்கும்போதே கீழே மடித்து மடித்துத் தைத்துவிடுவார்கள், வளர வளரப் பிரித்துவிட. நூலை அறுத்து இழுத்ததும் உள்ளே வெயில் படாத பச்சை ஒரு பட்டையாக வெளியே வந்தது. விரலை மடக்கி அளந்து பார்த்தேன். இரண்டு இஞ்சு.

அந்தப் பாவாடையோடு ஷெட்டுக்குப் போய்க் குச்சியின் பக்கத்தில் நின்றேன். போன வருசம் அண்ணன் போனபோது அவன் முழங்கை என் மோவாய்க்கு இருந்தது. அப்புறம் நான் வளர்ந்தேன். அண்ணன் வளரவில்லை. அப்படியானால் இந்தக் குச்சி யாருடைய கை? ஒன்பது வயதுக் கணக்கு அது. மெதுவாகத்தான் போட்டேன், ஆனால் சரியாகப் போட்டேன்.

அப்பா மேசைக்குக் கால் அறுத்துக்கொண்டிருந்தார். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் வளந்துட்டனுங்க.”

அப்பா தலையைத் தூக்காமலே சிரித்தார். “வளரு கண்ணு, வளரு. நல்லாச் சாப்புடு.”

“இல்லீங்கப்பா. போன வருசத்துக்கு நான் வளந்துட்டனுங்க.”

“அடேங்கப்பா! அடுத்த வருசம் ஓட்டுல தலை முட்டும் போல இருக்குதே” என்றார் பாய். இரண்டு பேரும் சிரித்தார்கள். “இரும்புத் தூள் பறக்குது, கண்ணுல படும், அக்கட்டால போ” என்றார் அப்பா.

அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொல்ல ரொம்பவும் முயற்சி செய்யவில்லை. குச்சி தப்பு என்று தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய ஷெட்டுக்குள் என்னைத் தொட்டு வந்த சாமான் அது ஒன்றுதான்.

ஆடிக் காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து கிளம்பி வருகிற காற்று எங்கள் தெருவின் புழுதி முழுவதையும் ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே தள்ளும். அப்பா தினமும் லேத்துக்கு எண்ணெய் போட்டு, கோணிப்பை போர்த்தி வைப்பார். சுவரில் ஒரு பெரிய பலகை அடித்து மஞ்சள் பெயிண்ட் கொடுத்தார். ஒவ்வொரு சாமானையும் பலகையில் வைத்து அதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்பில் கோடு இழுத்தார். சுத்தி, ஸ்பானர் வரிசை, இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடு, அரம் நாலு. ஒரு சாமானை எடுத்தால் அது இருந்த இடத்தில் அதன் உருவம் மட்டும் நிற்கும். எது வெளியே போயிருக்கிறது என்று பார்த்ததும் தெரியும் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா கேட்டது, “நீங்களும் கொஞ்சம் நின்னு ராவிப் பாருங்களேன். வைஸு சும்மாதான கெடக்குது.”

“எனக்கு அது எட்டாது. அவன் ஒசரத்துக்கு வெச்சது.” அப்பா வலது தோளைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை மேலேதான் எப்போதும் நிற்கும். சட்டை போட்டால் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். “மில்லுலயும் வேற எவனோ ஒசரத்துக்குத்தான் வெச்சிருந்தாங்க. இருவது வருசம் தோளைத் தூக்கித் தூக்கியே ராவுனேன். இவன் அப்படி நிக்கப்படாது.”

வேலை முடிந்தது. “அம்மாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம், லீவு போட்டு வா” என்று மட்டும் அப்பா எழுதினார். ஆவணி முதல் வாரத்தில் அண்ணன் வந்தான்.

தோளில் ஒரே ஒரு பை. மீசை வைத்திருந்தான். அம்மா வாசலுக்கு ஓடியது. “பொட்டி எங்க சாமி?”

“ரூம்லயே இருக்குதுங்கம்மா. இத்தனை தூரம் அதைத் தூக்கீட்டு அலையோணுமா?”

அப்பா உடனே ஷெட்டுக்குக் கூட்டிப்போகத் துடித்தார். “குளிச்சு ரெண்டு இட்லி தின்னுட்டு வரட்டுமுங்க. மெசினு எங்கயும் ஓடிப்போகாது” என்றது அம்மா. அப்பா நேரே ஷெட்டுக்குப் போய்த் துடைத்ததையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் குளிக்கப் போனதும் அம்மா அவன் கழற்றிப் போட்ட சட்டையை நனைக்க எடுத்தது. அதன் பைக்குள் கையை விட்டது. ஒரு சின்ன ரயில் டிக்கெட் அட்டையும் அதோடு ஒரு சீட்டும் வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. என்னிடம் நீட்டியது.

“வந்த டிக்கெட்டா கண்ணு?”

நான் எழுத்துக்கூட்டினேன். “இல்லீங்கம்மா. இங்கிருந்து பூனா. வெள்ளிக்கெழமை.”

அன்றைக்குத் திங்கட்கிழமை.

அம்மா டிக்கெட்டை முந்தானையில் துடைத்தது, ஈரம் பட்டிருக்கவில்லை என்றாலும். அலமாரியிலிருந்து வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து, அதன் பையில் டிக்கெட்டை வைத்து, சட்டையை நாற்காலியில் போட்டது. “அப்பாகிட்டச் சொல்லிப்போடாதே. அவன் வாயால சொல்லட்டும்” என்றது. இட்லித் தட்டை மூடிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டது. ஷெட்டுக்கு வரவே இல்லை.

சொல்லாமல் வைத்திருக்க எனக்கு இப்போது இரண்டு இருந்தன.

அண்ணன் ஷட்டருக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டான். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் நேராக மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா லேத்தின் மேலிருந்த கோணிப்பையை இழுத்தார். அண்ணன் லேத்தைத் தடவினான். சுவிட்சைப் போட்டான், மெசின் சத்தமில்லாமல் சுற்றியது. “தண்ணி ஓடற மாதிரி ஓடுதுங்கப்பா” என்றான். மஞ்சள் பலகையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். எல்லாச் சாமானும் அதனதன் உருவத்தில் தொங்கின. அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. சந்தோஷம் என்று அப்பா நினைத்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

“வைஸைப் பாருப்பா” என்றார்.

அண்ணன் போய்க் கையை மடக்கி நின்றான். முழங்கை வைஸின் வாய்க்குக் கீழே நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“ரெண்டு இஞ்சா?” அப்பா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். “இருக்காதே. பாப்பா மோவாய்க்கு அளந்தனே. நீ கையை மடக்குனா சரியா அவ மோவாய்க்குத்தானே வரும்.”

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் நின்று பார்த்தான். “இங்க வா புள்ளே” என்றான். போனேன். மடக்கிய கையை என் பக்கம் கொண்டுவந்தான். நான் மோவாயை வைக்கப் போனேன். முழங்கை என் கழுத்துக்குக் கீழே, தொண்டைக் குழிக்கு வந்து நின்றது. மோவாயை வைக்க நான் குனிய வேண்டியிருந்தது.

“நீ வளந்துட்டே” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அந்த ஐந்து மாதத்தில் அதை எனக்குச் சொன்ன ஒரே ஆள், அங்கே இல்லாமல் இருந்த ஆள். அப்பா என்னையும் சுவரையும் என் பாவாடையின் அடியில் தெரிந்த பச்சைப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பல வருசம் வரைக்கும் அண்ணன் ஊரிலேயே இருக்காமல் போனது அந்த இரண்டு இஞ்சால்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பாவாடை கட்டுவதை விட்டுச் சேலை கட்டிய பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாதே.

அப்பாதான் முதலில் தேறினார். “கெடக்குது உடு. ரெண்டு இஞ்சுதானே? இப்பவே காலை அறுத்துப்போட்டா ஆச்சு. அப்படியே நில்லு சாமி, உன்ற மொழங்கைக்கே கோடு போட்டுக்கறேன். இந்தவாட்டி தப்பாது.” சாக்பீஸோடு கிட்டே வந்தார்.

அண்ணன் வைஸை விட்டு நகர்ந்தான். அவன் கை ஒரு தடவை சட்டைப் பைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

“நில்லுப்பா” என்றார் அப்பா.

அண்ணன் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினான். எனக்கு என்ன தோன்றியதோ, குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து வைஸுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். “என்னடா இது?” என்றார் அப்பா. அண்ணன் அவர் வலது கையை மடக்கிவிட்டான். தூக்கிக்கொண்டிருந்த தோளின் மேல் உள்ளங்கையை வைத்து, அது இன்னொரு தோளுக்குச் சமமாக இறங்கும் வரைக்கும் மெதுவாக அமுக்கினான். அப்பா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவருடைய முழங்கைக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போட்டான். வைஸின் வாய்க்கும் கோட்டுக்கும் நடுவில் எத்தனை விரல் என்று அளந்து, அதே அளவை மேசையின் கால்களில் குறித்தான். பிறகு மஞ்சள் பலகையிலிருந்து ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, முதல் காலை அறுக்க ஆரம்பித்தான்.